தேக்கு, வெனீர், லேமினேட்: வேலூர் வீட்டுக்கு உண்மையில் எத்தனை கன அடி மரம் போதும்?

மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று வேலூரைப் பற்றிப் பழைய கேலி ஒன்று உண்டு. ஜலகண்டேஸ்வரர் 1981-இல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். மலைகள் மட்டும் அதே வெறும் பாறைகள்தான். பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரியில் ஊருக்குத் திருப்பித் தருகின்றன. அந்தச் சூட்டில் நிற்கப்போகிற வீட்டுக்குத்தான் காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் பாகாயத்திலும் "உள்ளே எல்லாமே ஒரிஜினல் தேக்குல போட்டுடுங்க ஆசாரி" என்கிறார்கள். கேட்கிற ஆசாரிக்குச் சந்தோஷம், டிம்பர் டிப்போக்காரருக்கு இரட்டைச் சந்தோஷம். மூன்றாவது வருஷம் கப்போர்டு கதவு வில்லாக வளைந்து நிற்கும்போது மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

இங்கே மதிப்பிடுவது எந்தக் கடையையும் அல்ல, மரம் என்கிற பொருளையே. வெனீர் (பிளைவுட் மேல் ஒட்டும் மெல்லிய மரத்தோல்), லேமினேட் (மேலே ஒட்டும் செயற்கைத் தகடு) என்ற அதன் இரண்டு போட்டியாளர்களோடு சேர்த்து, வீட்டின் ஒவ்வொரு இடத்திலும் அது வாங்கிய காசுக்கு உழைக்கிறதா என்று பார்க்கிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: மரத்தை நீளத்துக்கு வாங்குங்கள், அகலத்துக்கு வாங்காதீர்கள். சட்டம், கைப்பிடி, பீடிங் (விளிம்பில் ஒட்டும் ஒல்லிப் பட்டை), வாசக்கால் என்று நீண்டு ஒடுங்கிய இடங்களில் இதற்கு ஈடு கிடையாது. அகன்று பரந்த இடங்களில் இதைவிடத் தொல்லை பிடித்த பொருளும் கிடையாது.

காரணம் எளிது. மரம் ஈரம் குடித்து உப்பும், ஈரம் விட்டுச் சுருங்கும். ஆனால் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையவே அசையாது. அசைவெல்லாம் ரேகைக்குக் குறுக்கே, அகலத்தில்தான். சாதாரணமாக அறுத்த தேக்குப் பலகை, ஈரப்பதம் ஒரு சதவீதம் ஏறி இறங்கும்போது அகலத்தில் சுமார் 0.19 சதவீதம் மாறும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் ஃபேன் காற்றிலேயே நிற்கும் பலகை 8 சதவீத ஈரத்துக்கு இறங்கி, ஐப்பசி கார்த்திகை மழையில் 13-க்கு ஏறுவதாக வைத்துக்கொள்வோம். 300 மில்லிமீட்டர் அகலப் பலகை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். அதே மரத்தில் 50 மில்லிமீட்டர் சட்டம் என்றால் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. இது நல்ல, காய்ந்த தேக்கின் கணக்கு. 25 சதவீத ஈரத்தோடு பச்சையாக வந்த பலகை வீட்டுக்குள் வந்து 10-க்குக் காய்ந்தால் அதே 300 மில்லிமீட்டரில் 8 மில்லிமீட்டர் காணாமல் போகும். வாசக்கால் மூலையில் ஒரு ரூபாய் நாணயம் நுழைகிற மாதிரி இடுக்கு விழுவது அப்படித்தான். ஆசாரியின் கைவேலையைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

எந்த மரம் எப்படி

தேக்கை முதலில் எடுத்துக்கொள்வோம், மற்றதெல்லாம் அதை வைத்துத்தான் அளக்கப்படுகிறது. அசைவு குறைவு, எண்ணெய்ப்பசை உண்டு, சேகை, அதாவது நடுவில் இருக்கும் வைரப் பாகத்தை, கரையான் சுலபத்தில் தொடாது. ஒரு கன அடி சுமார் 18 கிலோ. அதாவது வலுவுக்கு இது கனமான மரம் அல்ல. பெயரைவிட வயதும் சேகும் முக்கியம். பர்மா, நிலம்பூர், ஆப்பிரிக்கா, நாட்டுத் தேக்கு என்று சொல்லி விற்கும் எதிலும் நல்லதும் உண்டு, மோசமும் உண்டு. சீக்கிரம் வளர்த்து வெட்டிய தோட்டத் தேக்கில் வெளிர் நிற வெள்ளைப் பாகம் அதிகம். அந்த வெள்ளைக்குக் கரையானிடமும் வண்டிடமும் எந்தப் பாதுகாப்பும் இல்லை. கொஞ்சம் ஸ்டெயின் தடவினால் சேகு மாதிரியே தெரியும். ஆகவே மரத்தைப் பாலிஷ் போட்டுப் பார்க்காதீர்கள். அறுத்த முனையைப் பாருங்கள். இன்னொரு சோதனைக்கு இந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கூடுதல் தகுதி உண்டு: புதிதாக அறுத்த தேக்கு லேசாகத் தோல் வாசனை அடிக்கும், கைக்கு மெழுகு தடவியது போல இருக்கும். தோல் பதனிடும் ஆம்பூர், ராணிப்பேட்டை மூக்குக்கு அந்த வாசனையைச் சொல்லித்தரத் தேவையில்லை.

வேம்பு நம்ம ஊர் மரம். பழைய ஓட்டு வீடுகளில் பனங்கையோடு வேப்ப மரமும் இன்னும் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து அதையே கேட்பவர்கள் உண்டு. உள் அறை வாசக்காலுக்கு வேம்பு தாராளமாகப் போதும், ஆனால் இரண்டு நிபந்தனை. ரேகை பின்னிப் பின்னி ஓடும் மரம் என்பதால் பச்சையாக வைத்தால் முறுக்கிக்கொள்ளும். காய்ந்திருப்பது தேக்கைவிட இதற்குத்தான் அவசியம். அடுத்தது, கசப்பு காப்பாற்றும் என்று நம்பி வெள்ளைப் பாகத்தோடு வைக்கக் கூடாது. கசப்பெல்லாம் வண்டுக்குப் பொருட்டே இல்லை. இரண்டு மழைக்காலத்துக்குள் நிலையின் அடியில் மாவு மாதிரித் தூள் கொட்டும். வேம்பில் கதவு செய்ய வேண்டாம். அம்மன் மரம் என்று வெட்ட மனம் வராத வீடுகளில் அந்தப் பேச்சே எழாது.

வேங்கையும் கோங்கும் வாசக்காலுக்கு அருமையான கனத்த மரங்கள், கதவுக்குக் கனம் அதிகம். வேங்கை ஈரம் பட்டால் சாயம் விடும், வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில் கவனம் தேவை. படாக் வாங்குகிறவர்கள் அந்த ஆரஞ்சுச் சிவப்பைப் பார்த்து மயங்குகிறார்கள்; வெளிச்சம் பட்டதும் சில மாதங்களில் அது பழுப்பாகிவிடும் என்பதைத் தெரிந்து வாங்கினால் நல்ல மரம்தான். பூவரசு கிடைத்தால் ஊஞ்சல், மணை, சின்னச் சாமான்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இடித்த வீட்டு மரம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐம்பது, அறுபது வருஷம் கூரையில் காய்ந்த தேக்கு உத்தரம் கிடைத்தால் அதைவிட நிதானமாகக் காய்ந்த மரம் எந்தச் சூளையிலும் கிடைக்காது. தேட வேண்டியவை மூன்று: உள்ளே உடைந்து நிற்கும் ஆணி (காந்தத்தை ஓட்டிப் பார்க்காமல் சா மில்லுக்குக் கொண்டுபோனால் ரம்பப் பட்டை அறுந்து அதன் காசும் உங்கள் தலையில் விழும்), சுவருக்குள் புதைந்திருந்த முனைகளின் உளுப்பு, பழைய துளைகள். முனையில் ஒரு அடி வெட்டிப் போட்டுவிட்டு மீதியை அளக்கச் சொல்லுங்கள். நான்கு பக்கமும் கால் இஞ்ச் இழைத்தால் போகிறதையும் கணக்கில் வையுங்கள்.

கணக்கு போடத் தெரிந்தால் பாதி காசு மிச்சம்

அறுத்த மரத்துக்கு ஒரே ஒரு சூத்திரம்: இஞ்ச் பெருக்கல் இஞ்ச் பெருக்கல் அடி, வகுத்தல் 144. வெளி அளவு ஏழுக்கு மூன்றரை அடி தலைவாசல், ஐந்துக்கு மூன்று இஞ்ச் சட்டம், கீழ்ப்படியோடு சேர்த்து 21 அடி ஓட்டம். 5 × 3 × 21 ÷ 144, அதாவது 2.2 கன அடி. இதற்கான பேனல் கதவு ஒண்ணரை இஞ்ச் சட்டமும் ஒரு இஞ்ச் பலகையுமாக 2.4 கன அடி. உள் அறை வாசக்கால் கீழ்ப்படி இல்லாமல் நாலுக்கு மூன்றில் 17 அடி சொச்சம், 1.4 கன அடி. படிக்கட்டுக் கைப்பிடி மூன்றுக்கு இரண்டரையில் 28 அடி போனாலும் ஒண்ணரை கன அடிதான். இருநூறு அடி பீடிங், ஒன்றுக்கு அரை இஞ்ச், வெறும் 0.7.

இப்போது படுக்கையறைக் கப்போர்டுக்கு வாருங்கள். ஏழுக்கு ஆறு அடியில் முன் கதவுகள் மட்டும் 42 சதுர அடி. ஒரு இஞ்ச் தேக்கில் செய்தால் 3.5 கன அடி. தலைவாசல் கதவை விட ஒரு மடங்கரை மரம், அதுவும் உள்ளே துணி தொங்குகிற பெட்டிக்கு. அதையே பிளைவுட்டில் செய்து தேக்கு வெனீர் ஒட்டினால் எட்டுக்கு நாலு ஷீட் இரண்டு ஆகும். வெனீரில் இருக்கிற உண்மையான தேக்குத் தோல் சுமார் அரை மில்லிமீட்டர். இரண்டு ஷீட்டையும் சேர்த்து உருக்கிப் பார்க்க முடிந்தால் ஒரு கன அடியில் பத்தில் ஒரு பங்கு மரம்தான் வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

உருண்டையாக வாங்கினால் கணக்கு வேறு. சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி 144-ஆல் வகுப்பார்கள். சுற்றளவு 48 இஞ்ச், நீளம் 8 அடி என்றால் 8 கன அடி என்று பில் வரும். உள்ளே இருப்பது உண்மையில் 10 கன அடிக்குக் கொஞ்சம் மேல், ஆனால் தோலும் வெள்ளையும் ரம்பத்தூளும் போக நல்ல சட்டமாகக் கைக்கு வருவது அந்த எட்டைவிடக் குறைவாகவே இருக்கும். உருண்டை விலையையும் அறுத்த விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "அங்கே மலிவு" என்று ஓடாதீர்கள். அதேபோல ஐந்துக்கு மூன்று என்று காசு வாங்கியது அறுத்த அளவா, இழைத்த அளவா என்று கேளுங்கள். இழைத்த பிறகு நாலே முக்காலுக்கு இரண்டே முக்கால் நிற்பது நியாயம். நாலரைக்கு இரண்டரை நின்றால் நியாயமில்லை.

டிப்போவில் கையில் ஒரு ஈரமானி இருந்தால் பேச்சு மாறிவிடும். ஊசி குத்துகிற சின்ன ரகம் போதும். மேல்தோல் எப்போதும் காய்ந்தே காட்டும், ஆகவே முனையில் ஒரு சாண் அறுத்துப் போட்டு, புது வெட்டில் நடுவே குத்திப் பாருங்கள். 12 வரை வாங்கலாம். 15-க்கு மேல் காட்டினால், "வெச்சா காஞ்சிடும் சார்" என்று சொல்பவரிடம் அவர் இடத்திலேயே வைத்துக் காயவைக்கச் சொல்லுங்கள். காற்றில் காய, ஒரு இஞ்ச் தடிமனுக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. மூன்று இஞ்ச் வாசக்காலுக்கு வீடு கட்டும் அவகாசம் போதாது. சூளையில் காயவைத்த மரமா என்று கேட்பதே நல்லது.

தலைவாசல்: முழு மதிப்பெண், ஆனால் விட்டுவிடக் கூடாத வேலைகள்

இயற்கை மரத்துக்கு வீட்டில் ஒரே ஒரு இடம்தான் என்றால் அது இதுதான். சிக்கல் நாள் பார்ப்பதில் தொடங்குகிறது. மஞ்சள் குங்குமம் வைத்து, நவதானியம் போட்டு, செங்கல் வேலை எழும்போதே வாசக்கால் நிறுத்தியாக வேண்டும். அதன் பிறகு பூச்சு, கியூரிங் தண்ணீர், சிமெண்ட் பால் என்று மாதக்கணக்கில் அந்த மரம் நனைகிறது. தேக்கில் சிமெண்ட் பால் பட்டுக் காய்ந்தால் கறுத்த கறை விழும், பாலிஷ் அதை மறைக்காது. ஆகவே பூஜைக்கு முன்பே சுவருக்குள் போகும் பின்பக்கத்துக்கும் தரைக்குள் இறங்கும் முனைக்கும் தார் பெயிண்ட் இரண்டு கை. கண்ணுக்குத் தெரியும் பக்கங்களுக்கு ஒரு கை சீலர் அல்லது ஆளிவிதை எண்ணெய். பாலிஷ் போடப்போகிற மரத்துக்குப் பிங்க் பிரைமர் அடித்துவிடாதீர்கள், அது நுண்துளைக்குள் போய்விட்டால் எந்த உப்புத்தாளாலும் வெளியே வராது. பெயிண்ட் அடிக்கப்போகும் வேப்ப மரத்துக்கு மட்டும் அது. மற்ற அறை வாசக்கால்களுக்குச் சடங்கு இல்லையே. ஓரத்தில் 10 மில்லிமீட்டர் இடம் விட்டுச் சுவரைப் பூசி முடித்து, ஈரம் போன பிறகு ஆங்கரும் ஃபோமும் வைத்துப் பொருத்துங்கள். எத்தனையோ தலைவலி குறையும்.

கீழ்ப்படிதான் முதலில் போகிற இடம். வெள்ளிக்கு வெள்ளி மஞ்சள் பூசித் துடைப்பதும், கோலத் தண்ணீர் தெறிப்பதும் நிற்காது, நிற்கவும் வேண்டாம். பளபளப்பான பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் அந்த ஈரத்தில் ஓரமாகத் தூக்கி உரியும். படிக்கு மட்டும் எண்ணெய்ப் பூச்சு போட்டு வருஷத்துக்கு ஒரு தரம் தடவிவிடுங்கள். படிக்கு அடியில் கிரானைட் பட்டை ஒன்று வைத்து, மரம் தரை மட்டத்துக்கு மேலே நிற்கும்படி செய்தால் கரையான் ஏறும் வழியும் கண்ணுக்குத் தெரியும்.

கதவில், அகலப் பலகையை எப்படி அடக்குவது என்பதை நம் பழைய ஆசாரிகள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்: குத்துச்சட்டமும் குறுக்குச்சட்டமும் கழுந்து (துளைக்குள் நுழையும் நாக்கு) போட்டு இறுக, நடுப்பலகை காடிக்குள், அதாவது சட்டத்தில் வெட்டிய பள்ளத்துக்குள், தளர்வாக மிதக்க வேண்டும். காடியின் ஆழத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் காலி இடம் விட வேண்டும். அந்தக் காடிக்குள் ஃபெவிகால் ஊற்றினால் பலகை அசைய வழியில்லாமல் நடுவில் பிளக்கும். இப்போது நடக்கிற தவறுகளில் இதுதான் அதிகம். "சார், ஆடக் கூடாதுன்னு நல்லா ஒட்டிட்டேன்" என்று பெருமையாகவே சொல்வார்கள். ஆடத்தான் வேண்டும். அப்புறம், பாலிஷ் வெளிப்பக்கம் மட்டும் போட்டால் கதவு உள்பக்கமாக ஈரம் குடித்து வளையும். இரண்டு பக்கமும் அதே எண்ணிக்கையில் பூச்சு, மேல் கீழ் விளிம்புகளுக்கும் சேர்த்து. கீழ் விளிம்புக்குப் போட வேண்டும் என்றால் கதவை மாட்டுவதற்கு முன்பே போட வேண்டும், மாட்டிய பிறகு யாரும் குனிவதில்லை. கதவு 40 கிலோ அளவில் வரும். ஐந்து இஞ்ச் கீல் நான்கு, பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரும்பு ஸ்க்ரூ ஈரத்தில் மரத்தைச் சுற்றிக் கறுக்கவைக்கும்.

தலைவாசல் மேற்கே பார்த்தால் மெலமைன் பாலிஷ் இரண்டு கோடையைக்கூடத் தாங்காது. வெயில் தாங்கும் வெளிப்புற ரக பி.யூ. கேளுங்கள், மேலே இரண்டடி சன்ஷேடாவது இருக்கட்டும்.

பூஜை அறை, கைப்பிடி, ஊஞ்சல்

பூஜைக் கதவுக்குத் தேக்கு வைப்பது ஆடம்பரம் இல்லை. சின்னச் சின்னச் சட்டங்களால் ஆன வேலை, ஒரு கன அடிக்குக் கொஞ்சம் மேல் போனால் அதிகம். கவனிக்க வேண்டியது விளக்குதான். சுடருக்கு நேர் மேலே ஒண்ணரை அடிக்குள் மரத்தட்டு இருந்தால் கறுத்து, பாலிஷ் கொப்பளிக்கும். விளக்கு நிற்கும் தளம் கிரானைட், மேலே திறந்த இடம்; மரம் இரு பக்கமும் முன்னும் மட்டும்.

படிக்கட்டுக் கைப்பிடிக்குக் கொடுக்கும் ஒண்ணரை கன அடி, வீட்டிலேயே காசுக்கு அதிகம் உழைக்கும் மரம். நாள் முழுக்கக் கை படுகிறது, வெயில் காலத்தில் ஸ்டீல் மாதிரிச் சுடுவதில்லை, நீளமான சட்டம் என்பதால் அசைவும் இல்லை. பட்ஜெட் எவ்வளவு குறைந்தாலும் இதை வெட்டாதீர்கள்.

ஊஞ்சல் பலகை நம் விதிக்கு விலக்கு. அகலம்தான் அதன் அழகு. ஐந்துக்கு இரண்டு அடி, இரண்டு இஞ்ச் தடிமன், 1.7 கன அடி. இரண்டடி அகலத்தை ஒரே பலகையில் தேடாமல் ஆறு இஞ்ச் பலகை நான்கை, அறுத்த முனையில் தெரியும் வளையங்கள் ஒன்று மேல்நோக்கி, ஒன்று கீழ்நோக்கி என்று மாற்றி மாற்றி வைத்து இணைக்கச் சொல்லுங்கள். அடியில் குறுக்குப் பட்டை போட்டால் ஸ்க்ரூவுக்கு நீள்வட்டத் துளை, பலகை நகர இடம் வேண்டும்.

மரம் தோற்கிற இடங்கள்

கப்போர்டு, டி.வி. சுவர், கட்டில் தலைமாட்டு: வெனீர். பாய்லிங் வாட்டர் புரூஃப் பிளைவுட் என்று விற்பதில் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையும் ஷீட்டுக்கு ஷீட் சி.எம்./எல். என்ற உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடைய உரிமம் என்று வந்துவிடும். அந்தத் தரத்துக்கு ஆய்வகத்தில் 72 மணி நேரம் கொதிக்கவைப்பார்கள். வீட்டில் நாலு இஞ்ச் துண்டை நாலைந்து மணி நேரம் கொதிக்கவிட்டாலே மட்டமான ரகம் அப்பளமாகப் பிரிந்துவிடும். வெட்டிய விளிம்பில் இடைவெளி தெரிகிறதா என்றும் பாருங்கள். ஸ்க்ரூ அங்கே போனால் பிடிக்காது.

வெனீர் ஒட்டிய கதவின் உள்பக்கத்தைச் சும்மா விட்டாலோ பெயிண்ட் மட்டும் அடித்தாலோ அது ஒரு பக்கமாக இழுத்து வளையும். உள்ளே ஒரு லேமினேட் கட்டாயம். ஒட்டியதும் ஓரிரவு பாரம் ஏற்றி வைக்க வேண்டும். ஷீட்டுகள் ஒரே கட்டிலிருந்து, அடுத்தடுத்த எண்களாக, ஒரே நாளில் வாங்குங்கள். தேவைக்கு மேல் ஒன்று சேர்த்து. ஆறு மாதம் கழித்து அதே ரேகை உலகத்தில் எங்கும் கிடைக்காது. மெஷினால் உப்புத்தாள் போடுகிறவரை வெனீர் பக்கம் விடாதீர்கள், அரை மில்லிமீட்டர் தோல் ஒரு விநாடியில் போய்விடும். 320 நம்பர் தாள், கையால், ரேகையோடு. முழு மரத்துக்கும் வெனீருக்கும் உள்ள நேர்மையான வித்தியாசமும் இதுதான்: தேக்குக் கதவைப் பேரன் காலத்தில் இழைத்துப் புதிதாக்கலாம், வெனீரை முடியாது. கப்போர்டு பேரன் காலம் வரை இருக்க வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

வெனீர் விளிம்பில் 8 மில்லிமீட்டர் தேக்கு பீடிங் வையுங்கள். சாவிக்கொத்தும் துடைப்பமும் படுவது விளிம்பில்தான். உள் தட்டுகளுக்கும் இதே வித்தை: 18 மில்லிமீட்டர் பிளைவுட் மூன்றடி நீண்டால் பட்டுப்புடவை அடுக்கின் பாரத்தில் தொய்யும், முன்விளிம்பில் ஒண்ணரை இஞ்ச் தேக்குச் சட்டம் ஒட்டினால் தொய்யாது. இத்தனூண்டு மரம், எத்தனை வேலை செய்கிறது பாருங்கள்.

சமையலறையில் மரம் வேண்டாம், வெனீரும் வேண்டாம். குக்கர் ஆவியும் இட்லிப் பானை ஆவியும் நேராக மேல் அலமாரியின் அடி விளிம்பைத்தான் தாக்கும். லேமினேட், அதுவும் ஒரு மில்லிமீட்டர் தடிமன். சிங்க்குக்கு அடியில் டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) அல்லது அலுமினியம். மரநாரையும் மரத்தூளையும் அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு எல்லாம் அங்கே ஒரு கசிவோடு சரி, ரஸ்க் மாதிரி ஊறிவிடும். குளியலறைக் கதவுக்குத் தேக்கு கேட்பவர்களிடம் வாதாடிப் பயனில்லை; டபிள்யூ.பி.சி. போடுங்கள், விஷயம் முடிந்தது. ஜன்னலுக்கு, நிழலான வராந்தாப் பக்கம் ஆசைக்கு ஒன்று இரண்டு மரத்தில் வைக்கலாம், மேற்குச் சுவரில் கூடாது.

மரச் சீலிங், சுவர் முழுக்கப் பலகை போன்றவை படத்தில் பார்க்க அழகு. ஏ.சி. ஓடும் அறையில் ராத்திரி காய்ந்து, பகலில் ஜன்னல் திறந்ததும் ஈரம் குடித்து, சட்டங்கள் டப் டப்பென்று சத்தம் போடும். வண்டு வந்தால் தலைக்கு மேலே இருந்து தூள் விழும்.

ஆக இரண்டு படுக்கையறை வீட்டுக்கு: தலைவாசலும் கதவும் 4.6, பூஜைக் கதவு 1.2, கைப்பிடி 1.5, பீடிங்குக்கு 0.7. மொத்தம் 8 கன அடி தேக்கு, சேதாரத்துக்கு 20 சதவீதம் கூட்டினால் பத்துக்குள். உள் வாசக்கால் இரண்டும் வேம்பிலோ வேங்கையிலோ 3 கன அடி. "எல்லாமே தேக்கு" என்றால் நாலு அறைக் கப்போர்டோடு இது மூன்று மடங்கைத் தாண்டும், அந்தக் கூடுதல் முழுக்க அகலப் பலகையாகவே இருக்கும்.

கரையானுக்குக் கதவைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். அஸ்திவாரத்தின்போதே மருந்து போடாத வீட்டில், சுவரும் தரையும் சேரும் ஓரமாக ஒரு அடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை போட்டு மருந்து இறக்குவது வழக்கம். எந்த மருந்து, லிட்டருக்கு எத்தனை மில்லி என்று பில்லில் எழுதி வாங்குங்கள். உட்புற வேலை தொடங்குவதற்கு முன்பு, பிறகு அல்ல.

ஆளிவிதை எண்ணெய் தடவிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், இந்த ஊர் வெயிலில் சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள்.

கடைசியாக ஒன்று, மழைக்கால அழைப்பு. ஐப்பசியில் கதவு பிடிக்கும். "ஒரு இழை சீவி விட்டா சரியாயிடும் சார்" என்று ஆசாரி இழைப்புளியோடு வருவார். அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்புங்கள். அன்றைக்குச் சீவிய கதவில் சித்திரையில் வெளிச்சம் தெரியும், பல்லியும் உள்ளே வரும். பிடிக்கிற விளிம்பில் மெழுகுவர்த்தியை நன்றாகத் தேய்த்துவிட்டுத் தை வரை பொறுங்கள். தையிலும் பிடித்தால் கீலின் ஸ்க்ரூக்களை முதலில் இறுக்கிப் பாருங்கள். பாரத்தில் கதவு இறங்கியிருக்கலாம். அதற்கும் சரியாகவில்லை என்றால் ஒரு மில்லிமீட்டர் சீவட்டும், சீவிய விளிம்புக்கு அன்றைக்கே சீலர் போட்டுவிட்டுத்தான் அவர் கிளம்ப வேண்டும்.